பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் நம் வீட்டில் எங்கே இடிக்கும்? தமிழ்நாட்டு வரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. மாதக் கடைசியில் பில் கட்டைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள், போகும்போது வாசலில் நின்றபடி ஏதாவது கேட்பார்கள். "அரசாங்கத்துக்குக் கடன் ஏறிப்போச்சாமே, அதுக்கு நாம என்ன பண்றது?" என்பதுதான் பெரும்பாலும் ஆரம்பம். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

துண்டு விழுகிறது என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

இரண்டு வகைத் துண்டு இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கம். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று வருடா வருடம் வந்துபோகும் செலவுக்கே வருமானம் போதவில்லை என்றால் அது வருவாய்ப் பற்றாக்குறை. வீட்டில் மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கைமாற்று வாங்குவது போல. பாலம், கட்டடம் போன்ற எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக எவ்வளவு கடன் வாங்கவேண்டி இருக்கிறது என்பது நிதிப் பற்றாக்குறை. இதில் வீடு கட்ட வாங்கிய கடனும் அடங்கும், அது தவறில்லை.

தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய், நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். வருவாய் வரவு 3,31,569 கோடி. அதில் வட்டிக்கு மட்டும் 70,754 கோடி. அதாவது உள்ளே வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 21 காசு, பழைய கடனுக்கு வட்டியாக முதலிலேயே போய்விடுகிறது. என்னைக் கேட்டால் மொத்தக் கடனைவிட இந்த 21 காசுதான் கவலைப்படவேண்டிய எண்.

இவ்வளவு தொழிற்சாலை இருக்கும் மாநிலத்தில் ஏன் பணம் போதவில்லை?

ஒரே காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். 2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்நாட்டின் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்ற கணக்கு அதில்தான் வந்தது. 2020-21இல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடியைத் தொட்டிருந்தது. கொரோனா ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு முன்பே பல வருடங்களாகத் துண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம் மத்திய வரிப் பங்கு. மத்திய வரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று சொல்வது நிதிக்குழு. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகையில் 12ஆவது நிதிக்குழு காலத்தில் தமிழ்நாட்டுக்கு 5.305 சதவீதம் வந்தது, 15ஆவது நிதிக்குழு அதை 4.079 ஆக்கியது. இது போக, செஸ், சர்சார்ஜ் என்று வரியின் மேல் கூடுதலாக மத்திய அரசு வாங்கும் பணம் பங்கு போடும் குவியலுக்குள் வரவே வராது. மூன்றாவது ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1 அன்று அது வந்தபோது வருடத்துக்கு 14 சதவீத வளர்ச்சிக்கு உத்தரவாதம் கொடுத்து, குறைந்தால் மத்திய அரசு மாநிலங்களுக்கு ஈடு கட்டியது. அந்த ஐந்து வருடக் காலம் 2022 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது.

அப்படியானால் மாநில அரசு எந்த வரியைத்தான் உயர்த்த முடியும்?

மொத்தப் பதிலுக்கும் சாவி இந்தக் கேள்விதான். 2011 ஜூலையில் அரசுக்குப் பணம் தேவைப்பட்டபோது மதிப்புக் கூட்டு வரியை 4இலிருந்து 5 சதவீதமாகவும், 12.5இலிருந்து 14.5 சதவீதமாகவும் தூக்கினார்கள். சோப்பு முதல் பிரிட்ஜ் வரை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பரவியது. இன்று அதைச் செய்ய முடியாது. சோப்பின் வரியை மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த ஜிஎஸ்டி கவுன்சில்தான் தீர்மானிக்கும், சென்னை தனியாகத் தொட முடியாது. வருமான வரியும் மாநிலத்தின் கையில் இல்லை.

மிச்சம் இருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி. இவற்றோடு உள்ளாட்சிகள் வாங்கும் சொத்து வரி, தொழில் வரி, கட்டணங்கள். பற்றாக்குறை எவ்வளவு பெரிதானாலும் திரும்பத் திரும்ப இந்த ஏழெட்டு இடத்தில்தான் அமுக்கியாக வேண்டும். அதனால்தான் வண்டி ஓட்டுபவரும், குடிப்பவரும், கடன் வாங்கி ஒரு மனை வாங்குபவரும் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

பட்ஜெட்டில் "புதிய வரி ஏதும் இல்லை" என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் விலை ஏறிய நாட்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பெட்ரோல் வரி உயர்ந்தது 2020 மே மாதம், அரசாணையில். சொத்து வரி உயர்வு 2022 ஏப்ரல் 1 அன்று அறிவிக்கப்பட்டது, பட்ஜெட் முடிந்து இரண்டு வாரம் கழித்து. மின்கட்டணம் 2022 செப்டம்பரில், ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில். வாகன வரி 2023 நவம்பரில், சட்டத் திருத்தத்தில். மது விலை 2024 பிப்ரவரி 1 அன்று, பட்ஜெட்டுக்கு இரண்டரை வாரம் முன்னால். பத்திரப்பதிவுக்காக அரசு வைக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பின் உயர்வு மட்டும்தான் 2023 பட்ஜெட் உரையிலேயே வந்தது.

பட்ஜெட் அன்று டிவி முன்னால் உட்கார்ந்து "நமக்கு ஒண்ணும் ஏறலை" என்று எழுந்து போகிறவர், வருடத்தின் மற்ற நாட்களில் வரும் அரசாணைகளைக் கவனிப்பதில்லை. ஏறுவது அங்கேதான். இது எந்தக் கட்சி ஆண்டாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது, இதை நான் கோபமாகவே சொல்கிறேன். வரி போடட்டும், தேவை என்றால் போடத்தான் வேண்டும். ஆனால் சட்டமன்றத்தில் ஒரே நாளில், இன்ன இன்னது ஏறுகிறது, ஒரு குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு கூடும் என்று சொல்லிவிட்டுப் போடவேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் மாநிலத்துக்கு எவ்வளவு போகிறது?

பெட்ரோலுக்கு மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசா. டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 பைசாவும். சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 80 பைசாவுக்கு விற்ற கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்தால் சுமார் 21 முதல் 22 ரூபாய் மாநிலத்துக்கு. மத்திய அரசின் கலால் வரி தனி.

இந்த "லிட்டருக்கு இவ்வளவு" என்ற பகுதி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். முன்பு பெட்ரோலுக்கு வெறும் 34 சதவீதம் என்றுதான் இருந்தது. 2020இல் கச்சா எண்ணெய் விலை அடியோடு விழுந்தது, விலை விழுந்தால் சதவீத வரியும் சேர்ந்து விழும். ஊரடங்கில் மற்ற வருமானமும் நின்றுபோன நேரம். உடனே அதை 15 சதவீதம் கூட்டல் 13 ரூபாய் 2 பைசா என்று மாற்றினார்கள். விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த 13 ரூபாய் இறங்காது. மாற்றிய அன்றே பெட்ரோல் 3 ரூபாய் 25 பைசாவும் டீசல் 2 ரூபாய் 50 பைசாவும் ஏறியது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், அதனால் வருடத்துக்கு 1,160 கோடி இழப்பு என்றும் சொன்னார்கள். டீசலைத் தொடவில்லை.

பைக் இல்லாதவருக்கு இது சம்பந்தமில்லை என்று நினைக்கவேண்டாம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு லோடு காய்கறி கோயம்பேடு போய்ச் சேர நானூறு கிலோமீட்டருக்கு மேல் டீசல் எரியவேண்டும். அந்த வரி லாரி வாடகையில் ஏறி, கத்தரிக்காய் விலையில் வந்து உட்காரும். பில்லில் எந்த வரியும் தெரியாது.

டாஸ்மாக் இல்லாமல் அரசாங்கம் நடக்காதா?

2023-24இல் மதுவிலிருந்து ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்த்து 45,855 கோடி ரூபாய் வந்தது, அடுத்த வருடம் 48,344 கோடி. மேலே சொன்ன 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறையின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். நாளைக்கே கடைகளை மூடினால் துண்டு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். இந்த ஒரு கணக்கினால்தான் எந்த அரசும் கை வைக்கத் தயங்குகிறது.

ஆனால் இதை யார் கொடுக்கிறார்கள்? சாதாரண ரக குவார்ட்டர் பாட்டில் 2020 மே மாதம் 10 ரூபாய் ஏறியது, 2022 மார்ச்சில் 10, 2024 பிப்ரவரியில் 10. மொத்தம் 30 ரூபாய். தினமும் ஒரு குவார்ட்டர் வாங்கும் கொத்தனார் ஒருவர் இந்த மூன்று உயர்வுக்கு மட்டும் மாதம் 900 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். அவர் மனைவிக்கு 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. என்னிடம் கணக்குக் கொடுக்கும் இட்லிக் கடை அக்கா ஒருவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "நூறு ரூபாதான் மிச்சமா?" என்று கேட்டார். அந்த உரிமைத் தொகையை நான் குறைத்துப் பேசவில்லை, அது பெண்கள் கைக்கு நேராக வருகிறது, நல்ல திட்டம். அதே வீட்டிலிருந்து வேறு வழியாகப் பணம் வெளியே போவதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் பேச்சு.

குடிப்பவர் விலை ஏறினால் குறைத்துக்கொள்வார் என்பார்கள். நான் பார்த்தவரை குறைவது குழந்தைகளுக்கான முட்டையும் பாலும்தான்.

வேறு வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2003 ஜனவரியில், அரசு கடும் பணமுடையில் இருந்த காலத்திலேயே, ஜெயலலிதா அரசு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. வருமானம் போகும் என்று தெரிந்துதான் செய்தார்கள். அதே வருடம் நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்துக்கொண்டதும் அதே அரசுதான். எந்த வருமானம் வேண்டும், எது வேண்டாம் என்பது அரசு எடுக்கும் முடிவு.

பத்திரச் செலவு 11இலிருந்து 9 சதவீதமாகக் குறைந்ததே, எனக்கு ஏன் கூடுதலாக ஆனது?

நிறைய பேர் ஏமாந்தது இங்கேதான். சதவீதத்தை மட்டும் பார்க்கக்கூடாது, எந்த மதிப்பின் மேல் சதவீதம் என்று பார்க்கவேண்டும். 1,200 சதுர அடி மனை, வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் வாங்கும் விலையும் அதுதான்.

2017 ஜூனுக்கு முன்னால்: மதிப்பு 12 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, ஆக 8 சதவீதம். 96,000 ரூபாய்.

2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 ஆக்கினார்கள். மதிப்பு 8,04,000, அதற்கு 11 சதவீதம். 88,440 ரூபாய்.

2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். மதிப்பு மறுபடி 12 லட்சம், 9 சதவீதம். 1,08,000 ரூபாய்.

சதவீதம் இறங்கியது, கட்டிய பணம் ஏறியது. முன்பணம் கொடுக்கும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கும் தெருவுக்கும் இன்றைய வழிகாட்டி மதிப்பு என்ன என்று பார்த்துவிடுங்கள். அடிக்கடி மாறுகிறது.

சொத்து வரி ஏன் அப்படி எகிறியது? வாடகைக்கு இருப்பவருக்கு என்ன?

2022இல் சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் உயர்வு. மற்ற ஊர்களில் 25இலிருந்து 100 வரை. உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டும் என்றால் சொத்து வரிக்கு அடிமட்ட வீதம் அறிவிக்கவேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் அளவுக்கு வசூலும் வளரவேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. அதைக் காட்டித்தான் அரசு உயர்த்தியது. நிபந்தனை உண்மை. ஆனால் பல வருடம் ஏற்றாமல் வைத்திருந்துவிட்டு ஒரேயடியாக ஏற்றியது நம்மூர் வழக்கம்.

அரையாண்டுக்கு 2,000 கட்டிய ஆயிரம் சதுர அடி வீடு 3,500 கட்டவேண்டி வந்தது. வாடகைக்காரருக்கு ரசீது வராது. ஆனால் வீட்டுக்காரர் கட்டிய வருடத்து 3,000 கூடுதலுக்கு, மாதம் 500 வாடகை ஏற்றிய வீடுகளை எனக்குத் தெரியும். அப்படி ஏற்றினால் ரசீதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

மின்கட்டணமும் பால் விலையும் வரியா?

சட்டப்படி இல்லை. வீட்டுக் கணக்குப்படி வேறுபாடு இல்லை. மின்வாரியத்தின் நட்டத்தை ஈடு கட்ட அரசு பணம் கொடுக்கவேண்டும், அந்தப் பாரத்தைக் குறைக்க கட்டணம் ஏறும். 2022 செப்டம்பர் உயர்வில் 100 யூனிட் இலவசம் அப்படியே இருந்தது, 200 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 55 ரூபாய், 300 யூனிட் வீட்டுக்கு 145 ரூபாய் கூடியது.

2011 நவம்பர் 17 யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஆவின் பால் லிட்டர் 17.75 ரூபாயிலிருந்து 24 ரூபாய், கூடவே பேருந்துக் கட்டணமும் உயர்ந்தது, மின்கட்டணமும் ஏறும் என்று அதே மூச்சில் சொன்னார்கள். அடுத்த நாள் காலையில் பேருந்தில் ஏறியவர்கள் கையில் வைத்திருந்த சில்லறை போதாமல் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

புது வண்டி வாங்கப் போகிறேன்.

2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் வரை விலையுள்ள பைக்குக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12. முன்பு 8. கார் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எட்டு லட்சத்துக் காருக்கு 80,000 என்று இருந்தது 1,04,000 ஆகிவிட்டது. ஷோரூமில் விலை கேட்கும்போதே ஆன் ரோடு விலை எழுதி வாங்குங்கள்.

எதையும் ஏற்றாமல் கடன் வாங்கி ஓட்டலாமே?

நினைத்த அளவு வாங்க முடியாது. மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம், மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் இன்னும் அரை சதவீதம் என்று மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. நோட்டு அடிக்கும் உரிமை மாநிலத்துக்கு இல்லை.

வரியும் ஏற்றாமல் கடனும் வாங்க முடியாமல் போனால், அப்போது நடப்பதுதான் கண்ணுக்குத் தெரியாத வரி. கொடுக்கவேண்டியதைத் தள்ளிப்போடுவார்கள். கொரோனா காலத்தில் அரசு ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்தார்கள், விடுப்பைச் சரண் செய்து பணம் வாங்குவதையும் நிறுத்தினார்கள். ஓய்வு வயதை 58இலிருந்து 59, பிறகு 60 ஆக்கினார்கள். அதனால் ஓய்வுபெறுபவர்களுக்குக் கொடுக்கவேண்டிய பெருந்தொகை இரண்டு வருடம் தள்ளிப்போனது, வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கும் இரண்டு வருடம் போனது. அந்தப் பிள்ளைகளின் இழப்பு எந்த பட்ஜெட் புத்தகத்திலும் இல்லை.

மத்தியிலிருந்து வரவேண்டியது நின்றாலும் இதே கதைதான். 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான 2,152 கோடி வரவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடம் 2025இல் ஜூனில் நிரம்பியிருக்கவேண்டும், அக்டோபர் வரை இழுத்தது.

வசதியானவர்களிடம் கூடுதலாக வாங்க முடியாதா?

வருமானத்தின் மேல் மாநிலம் நேராக வாங்கக்கூடியது தொழில் வரி. அதற்கு அரசியல் சட்டமே வருடத்துக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, 1988இல் வைத்தது, இன்னும் அதே. மாதம் முப்பது லட்சம் சம்பாதிப்பவருக்கும் அந்த 2,500தான். இது மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை வசதியானவரிடம் கூடுதலாக வாங்க இருக்கும் இடம் பெரிய கார், பெரிய வீடு, பெரிய பத்திரம். 2022 சொத்து வரியிலும் 2023 வாகன வரியிலும் படி வைத்து ஏற்றியதை அதனால்தான் நான் குறை சொல்வதில்லை, பெட்ரோலையும் குவார்ட்டரையும்தான் சொல்கிறேன்.

சரி, நான் இப்போது செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள் அல்லது அக்டோபர் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, 5,000 ரூபாய் வரை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. ரசீதில் உங்கள் வீட்டின் சதுர அடி சரியாக இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு 1,150 அடி வீட்டை 1,250 என்று போட்டிருந்தார்கள், நூறு அடியில் அடுத்த படிக்குப் போய்விட்டது. மனு கொடுத்து, அளந்து, திருத்த நாலு மாதம் ஆனது, திருத்தினார்கள்.

மனையோ வீடோ 10 லட்சத்துக்குள் என்றால், 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம். பத்திரம் எழுதுபவர் இதைத் தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். போன மாதம் வந்த தம்பி ஒருவர் தன் பெயருக்கு எழுதவேண்டிய மனையை அம்மா பெயருக்கு மாற்றி எழுதினார். அந்தப் பத்தாயிரத்தில் முதலில் ஒரு போர்வெல் மோட்டாருக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்.